ஆத்துச்சாமியின் முகம்

விருத்தாசலத்து செராமிக் பட்டறைகளில் பொம்மைக்குக் கண் எழுதுகிற பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கண் என்றால் சிந்தாமணி எழுத வேண்டும் என்பார்கள். வாய் பேசிக்கொண்டிருக்கும், கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கிருஷ்ணன் பொம்மையோ செட்டியார் பொம்மையோ, அவள் தூரிகையை எடுத்ததும் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும். அப்பேர்ப்பட்ட கை ஆடி பிறந்ததிலிருந்து நடுங்கியது.

"இன்னாம்மா சிந்தாமணி, புள்ளையாருக்கு ஒரு கண்ணு வேப்பூரு பக்கம் பாக்குது, ஒரு கண்ணு மங்கலம்பேட்டை பக்கம் பாக்குது?" என்றார் பட்டறை மேஸ்திரி கொளஞ்சிநாதன்.

"ஒடம்பு சரியில்லீங்க."

"காய்ச்ச கண்ணாட்டம் தெரியலியே. வூட்டுல எதுனா சண்டயா?"

"அதெல்லாம் இல்லீங்க. தூக்கமில்ல, அதான்."

தூக்கமில்லாதது உண்மை. கட்டிலுக்கடியில் ஒரு சாமியின் முகத்தை ஒளித்து வைத்துக்கொண்டு எவளால் தூங்க முடியும்.

அது அவள் ஊரான மணலேரிக் கோயிலின் சாமி. மங்கலம்பேட்டை ரோட்டிலிருந்து உள்ளடங்கிய ஊர் அது. மேலத்தெருவில் மாரியம்மன், கீழத்தெருவில் பூண்டுக்கோயில் என்கிற வேதக்கோயில். பூண்டுக்கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரச் சாமியார் ஏதோ ஒரு பனிமலைக் கிராமத்திலிருந்து வந்தவர். தன் ஊர்க் கோயில் எப்படி இருந்ததோ அப்படியே இங்கேயும் ஒன்று வேண்டும் என்று அவருக்கு ஆசை. கட்டியும் விட்டார். பெய்கிற பனி வழுக்கி விழட்டும் என்று கூரையைச் செங்குத்தாக இறக்கினார். மணலேரியில் பெய்ய வேண்டிய மழையே ஒழுங்காகப் பெய்வதில்லை, பனிக்கு எங்கே போவது. குளிர் உள்ளே வரக்கூடாதென்று ஜன்னல்களைக் கைக்குட்டை அளவுக்கு வைத்தார். சித்திரை மாதத்தில் பூசைக்குப் போனவர்கள் சூளைக்குள் உட்கார்ந்து எழுந்தவர்களாக வெளியே வருவார்கள். மணிக்கூண்டின் உச்சி பூண்டு மாதிரி உருண்டு முனை கூர்ந்திருக்கும். அதன்மேல் மீன் செதிலாகப் பச்சை ஓடுகள். உள்ளே மரப்பலகை விதானம், கட்டம் கட்டமாக, கட்டத்துக்கு ஒரு பூ. எல்லாம் அந்த மலையில் பூக்கிற பூக்களாம், ஒன்றுக்கும் இங்கே பெயர் கிடையாது. பீடத்தின் இரு பக்கமும் முறுக்கிக்கொண்டு ஏறும் மரத்தூண்கள், தூண் முழுக்கத் திராட்சைக் கொடி. பின்சுவரில் வெள்ளை வெள்ளையாக மலைகள் எழுதியிருக்கும். ஊரில் பாதிப் பேர் அதை உப்பு அம்பாரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாசலில் நுழைந்ததும் இடப்பக்கம் ஆத்துச்சாமி. கிறிஸ்தோபர் என்பது ஃபாதர் சொல்கிற பெயர், ஒரு குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்தவராம். கப்பலில் வந்த மரச்சிலை, ஆளைவிடப் பெரியது. தோளில் ஒரு குழந்தை, கையில் பெரிய கழி, முழங்கால் வரைக்கும் மரத்தில் செதுக்கிய தண்ணீர், தண்ணீரில் மீன். காலையில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினவனுக்கு அன்றைக்குத் துர்மரணம் கிடையாது. இதுவும் அந்த மலையூர் வழக்கந்தான், சாமியாரோடு கப்பலேறி வந்தது. லாரி ஓட்டுகிறவர்கள், வெளிநாட்டுக்குப் போகிறவர்கள், அறுவடை மிஷின்காரர்கள் என்று இரண்டு தெருக்காரர்களும் வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார்கள். சாமியும் கன்னம் சிவக்க உதடு சிவக்கச் சிரித்துக்கொண்டிருப்பார். திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பெயிண்ட் அடித்து அடித்து வந்த சிரிப்பு அது.

சிந்தாமணியின் புருஷன் இராஜமாணிக்கம் அச்சு எடுப்பதில் கெட்டிக்காரன். வைகாசிக் காற்றில் பூண்டின்மேல் ஓடுகள் பெயர்ந்து விழ, கீழத்தெருக்காரர்கள் மேலத்தெருவுக்கு வந்து அவனைத்தான் கூப்பிட்டார்கள். பழைய ஓட்டைப் பார்த்து அச்சு செய்து, பச்சைக் கிளேஸ் பூசிச் சுட்டு, பழசு எது புதுசு எது என்று தெரியாமல் பதித்துக் கொடுத்தான். அதோடு இறங்கி வந்திருக்கலாம். கோயில் சாவியை வைத்திருக்கும் செல்வநாயகி, "ஏணியோடதான் இருக்கிற, அப்படியே சாமிக்குத் துணியப் போட்டுட்டுப் பூட்டிக் குடுத்துடு மாணிக்கம்" என்று சொல்லிவிட்டு மல்லாட்டைக் கொல்லைக்குக் களை வெட்டப் போய்விட்டாள். கொடியேற்றத்திலிருந்து திருவிழா வரைக்கும் ஆத்துச்சாமியை வெள்ளைத் துணியால் மூடி வைப்பார்கள். ஏணிமேல் நின்று அந்த முகத்தை அத்தனை கிட்டத்தில் பார்த்ததும் அவன் புத்தி பிசகிற்று.

சாக்கில் சுற்றிய அச்சோடு அவன் வீட்டுக்குள் வந்து நின்றான்.

"கதவச் சாத்து மொதல்ல."

"இன்னாங்க இது?"

"லாரியில முன்னாடி வைக்கிறாப்புல சின்னதா ஆத்துச்சாமி பண்ணா வேப்பூரு ரோட்டுல அப்படியே எடுத்துக்குவாங்கன்னு நெனச்சேன் சிந்தா. மூஞ்சிய மட்டும் அச்சு எடுத்துக்கிட்டா, சுட்டா மண்ணு சுருங்கும்ல, சுட்டுச் சுட்டு அச்சு எடுத்துச் சின்னதாக்கிக்கலாம். சோப்புத் தண்ணியத் தடவி, சுத்தியும் களிமண்ணு அண கட்டி, பிளாஸ்டர ஊத்துனேன். எப்பயும் பண்றதுதான்."

"அதுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"சுட்ட பொம்மையில எடுத்துப் பழகுன கை. இது மரம், மேல இருக்கிறது பெயிண்ட்டுன்னு தோணவே இல்ல. பிளாஸ்டர் எறுகும்போது சூடு ஏறும்ல. கழட்டுனா மூஞ்சியும் கூடவே வந்துடுச்சி."

அச்சைத் திருப்பிக் காட்டினான். பள்ளத்துக்குள் பெயிண்ட் தோல்தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது. கன்னம், மூக்கு, சிரிக்கிற வாய் எல்லாம் அதில் குழிந்து கிடந்தன. சிந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப அங்க இன்னா இருக்குது?"

"நான் பாக்கல. கறுப்பா ஏதோ தெரிஞ்சிச்சி. துணியப் போட்டு மூடிட்டு ஓடியாந்துட்டேன்."

"செல்வநாயகி அக்காகிட்ட சொல்லிடலாங்க."

"சொல்லிட்டு? போன ஆடிக்கு நடந்தது மறந்துபோச்சா?"

அவளுக்கு மறக்கவில்லை. மாரியம்மன் கூழ் ஊர்வலமும் பூண்டுக்கோயில் தேரும் புளியமரத்து முனையில் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. யார் மைக்கை யார் நிறுத்துவது என்று ஆரம்பித்து, ஒருவன் மண்டை உடைந்து, போலீஸ் வண்டி வந்து நின்றது. இரண்டு தெருப் பையன்களும் இன்னும் போனில் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேலத்தெருக்காரன் கீழத்தெருச் சாமியின் மூஞ்சியைப் பெயர்த்துவிட்டான் என்று ஒரு படம் சுற்றினால் போதும். இவனைக் கட்டி வைத்து அடிப்பார்கள். இவனுக்காக மேலத்தெரு கிளம்பும். இவன் மேல் உள்ள பிரியத்தில் இல்லை, கிளம்புவதற்கு ஒரு காரணம் கிடைத்ததே என்றுதான் கிளம்பும். மானம் போனாலும் போகட்டும், இந்த மனுஷன் உயிரோடு இருந்தால் போதும் என்று சிந்தாமணிக்குத் தோன்றியது.

"நீதான் கண்ணு எழுதுறவளாச்சே," என்றான் அவன் மெதுவாக. "பகல்ல ஆளு இல்லாத நேரமா உள்ள போயி, பழைய மாதிரி சிரிக்கிற மூஞ்சியா எழுதிடு. துணியத் தெறந்தா யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"நானா? அந்தச் சாமிக்கா?"

"புள்ளையாருக்கு எழுதலியா?"

அன்றிலிருந்து அவளுக்கு ஒவ்வொரு சத்தமும் பயந்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பயம். நாய் குரைத்தால் பயம். நெடுஞ்சாலைப் பக்கம் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனால் கேட்கவே வேண்டாம். துணிக்குள் சாமிக்கு முகம் இல்லாமல் போனதால் எவனோ ஒருவன் அடிபட்டுவிட்டான், எங்களால்தான், என்று நினைப்பாள். காலையில் ரோட்டுக்குப் போகிறவர்கள் கோயில் வாசலில் நின்று மூடின துணியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்க்கையில் அவளுக்கு அழுகை வந்தது.

கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை, செல்வநாயகியே வீட்டுக்கு வந்து நின்றாள். வந்தவள் நேராகக் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால் புடவையில் சுற்றிய அச்சு கிடந்தது.

"கூழு இருந்தா குடு சிந்தாமணி. ஒங்க தெரு கூழு குடிக்காம ஆடி போனாப்புலயே இருக்காது."

சிந்தாமணி சொம்பில் கூழ் ஊற்றி, முருங்கைக்கீரைப் பொரியலும் சுட்ட கருவாடும் தட்டில் வைத்தாள். சொம்பு தட்டில் மோதிக் கடகடவென்று ஆடியது.

"கை ஏன் இப்படி நடுங்குது?"

"காலையிலேருந்து சாப்புடல யக்கா. விரதம்."

"மாணிக்கம் எங்க? ஓடு போட்டது நல்லா இருக்குதுன்னு ஃபாதரே சொன்னாரு. திருவிழா அன்னிக்கி அவனுக்குத் துண்டு போத்தணும்னு நல்லமுத்து சொல்லிக்கிட்டு இருக்காரு."

நல்லமுத்து திருவிழாத் தலைவர், ஊரில் லாரி வைத்திருக்கிறவர். செல்வநாயகியின் ஒரே மகன் சேரன் அவருடைய லாரியைத்தான் ஓட்டினான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வேப்பூர் தாண்டி, நின்றிருந்த டேங்கரில் மோதிச் செத்தான். அன்றைக்குக் காலையில் சாமியைப் பார்க்காமல் போயிருப்பான் என்று நல்லமுத்து சாவு வீட்டில் வைத்தே சொன்னார். ஊரும் அதையே சொன்னது. அப்படிச் சொன்னால்தானே மற்றவர்கள் தைரியமாக வண்டி எடுக்கலாம். செல்வநாயகி ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. தினமும் கோயிலைப் பெருக்கினாள், ஆத்துச்சாமி காலடியைத் துடைத்தாள், தலையை மட்டும் நிமிர்த்திப் பார்ப்பதில்லை. அதனால்தான் அச்சு எடுத்த அன்றைக்கு அவசரத்தில் போட்ட துணி கோணலாகக் கிடந்ததும் அவள் கண்ணில் படவில்லை.

"கூண்டு மேல இன்னும் ஒரு ஓடு ஆடுதுன்னு அவரு சொன்னாரு யக்கா," என்று சிந்தாமணி புருஷன் சொல்லிக்கொடுத்தபடி ஒப்பித்தாள். "நாளைக்கி மத்தியானம் சாவி வேணுமாம். நானும் கூட வந்து கூட்டிப் பெருக்கிக் குடுக்குறேன்."

"வாயேன்," என்றாள் செல்வநாயகி. கூழை அண்ணாந்து குடித்துவிட்டு, கருவாட்டை மென்றுகொண்டே எழுந்து போனாள். சிந்தாமணி குனிந்து கட்டிலுக்கடியில் அச்சை இன்னும் உள்ளே தள்ளினாள்.

மறுநாள் மத்தியானம் கீழத்தெருவில் ஆள் நடமாட்டமில்லை. பாதிப் பேர் கொல்லையில், பாதிப் பேர் பந்தல் சாமான் எடுக்க டவுனுக்கு. இராஜமாணிக்கம் மணிக்கூண்டில் ஏறி ஓட்டைத் தட்டுகிற பாவனையில் காவல் இருந்தான். சிந்தாமணி பெயிண்ட் டப்பாக்களை விளக்குமாற்றுக் கூடைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கைக்குட்டை ஜன்னல் வழியாக வந்த வெளிச்சத்தில் தூணின் திராட்சைக் குலைகள் கறுத்துத் தெரிந்தன. அந்தக் கோயில் வாசலைத் தாண்டி அவள் உள்ளே வந்ததே கிடையாது. மாரியாத்தாளையும் கூப்பிட்டாள், அந்தோணியாரையும் கூப்பிட்டாள், யாராவது ஒருவர் காப்பாற்றட்டும் என்று. ஏணியில் ஏறித் துணியை விலக்கினாள்.

கீழே கறுப்பு மரந்தான் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். இருந்தது வேறு ஒரு முகம். எத்தனையோ வருஷத்து மெழுகுவர்த்திப் புகை படிந்து, அதன்மேல் இவர்கள் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் போனதும் முதன்முதலில் எழுதின முகம் வெளியே வந்துவிட்டது. அதில் சிரிப்பே இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது. வாய் லேசாகத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. கண்கள் தோளில் இருந்த குழந்தையை அண்ணாந்து பார்த்தன, தாங்க மாட்டேன் போலிருக்கிறதே என்று. எழுதினவன் கீழிமையில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இழுத்திருந்தான், கண்ணில் நீர் கோத்திருக்கிற மாதிரி. சிந்தாமணி ஆயிரக்கணக்கில் கண் எழுதியவள். இப்படி ஒரு கண்ணை அவள் எழுதியதில்லை. பயத்தை எழுதச் சொல்லி யார் பொம்மை வாங்குகிறார்கள்.

தூரிகையைச் சிவப்பில் தொட்டாள். உதட்டுக்கிட்டே கொண்டுபோனாள். கை போகவில்லை.

"அங்க இன்னா பண்ற?"

கீழே செல்வநாயகி நின்றாள். பின்கதவு வழியாக வந்திருக்கிறாள். மேலே காவல் இருந்தவனுக்குப் பின்கதவு தெரியாது. சிந்தாமணி ஏணியிலிருந்து இறங்கினாளா விழுந்தாளா என்பது அவளுக்கே ஞாபகமில்லை. செல்வநாயகியின் காலைப் பிடித்துக்கொண்டு, அச்சு, பிளாஸ்டர், கட்டிலடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"தெரியாம பண்ணிட்டாரு யக்கா. வெளிய தெரிஞ்சா கொன்னுடுவாங்க. நான் எழுதிடுறேன். ஒரு மணி நேரம் குடு, பழைய மாதிரியே எழுதிடுறேன்."

செல்வநாயகி அவளைப் பார்க்கவில்லை. மூன்று வருஷமாக நிமிராத தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடு ஆத்துக்குப் போனதும் அந்தப் புள்ள கனத்துப்போச்சாம்," என்றாள் பார்வையை இறக்காமலே. "ஒலகமே தோள்ல ஏறுனாப்புல. முழுகிடுவோம்னு பயந்துட்டாராம். பூசையில ஃபாதர் வருசா வருசம் சொல்றதுதான். நாமதான் சிரிச்சிக்கிட்டே கரையேறிட்டாருன்னு நெனச்சிக்கிட்டோம்."

"யக்கா."

"எழுதாத."

"எழுதலன்னா அவர வுடமாட்டாங்க யக்கா."

"எழுதாதன்னு சொன்னேன். துணியப் போட்டு மூடு. அந்த டப்பாவ இப்படிக் குடு."

"நாளான்னைக்கித் தெறப்பாங்களே, அப்ப இன்னா பண்றது?"

"அது என் பாடு," என்று சொல்லி, பெயிண்ட் டப்பாக்களை முந்தானையில் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் காட்டிக்கொடுக்கப் போகிறாளா காப்பாற்றப் போகிறாளா என்று புருஷனும் பெண்டாட்டியும் திருவிழா வரைக்கும் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். நல்லூரில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடலாம் என்றான் அவன். போனால் நாமதான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்றாள் அவள். சோறு பானையிலேயே கிடந்து புளித்தது. திருவிழா அன்று அவன் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். உள்ளே இருந்தால் பயத்திலேயே செத்துவிடுவோம் என்று அவள் மட்டும் எழுந்து போய்க் கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள்.

பூசை முடிந்தது. நல்லமுத்து ஏணியில் ஏறித் துணியை இழுத்தார். மேளக்காரன் ஒரு அடி அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். கோயிலுக்குள் குழந்தைகள் அழுவது மட்டும் கேட்டது. பின்னால் ஒரு பையன் போனைத் தூக்கினான்.

"எவன்டா இத பண்ணது?" என்றார் நல்லமுத்து, ஏணியிலிருந்தபடியே.

"கடைசியா ஏணி வச்சி ஏறுனது மேலத்தெருக்காரன்தானே," என்றது ஒரு குரல்.

அப்போது செல்வநாயகி முன்னால் வந்தாள்.

"நான்தான் பண்ணேன். சுரண்டுனேன்."

"நீயா? எதுக்கு?"

"எனக்குத் தோணுச்சி."

உடனே எல்லோரும் பேசினார்கள். புள்ள செத்ததிலிருந்தே இவளுக்குப் புத்தி சரியில்லை என்றாள் ஒருத்தி. சாமி மேலயே கோவத்தைக் காட்டிட்டா பாத்தியா என்றான் ஒருவன். நல்லமுத்து இறங்கி வந்து கையை நீட்டினார்.

"சாவியக் குடு. நீ வச்சிருந்தது போதும். ஒன் மவன் பாக்காமப் போனதுக்குச் சாமி இன்னா பண்ணும்?"

செல்வநாயகி இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்தாள். முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை. அவள் அதோடு மல்லுக்கட்டுவதைச் சிந்தாமணி பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், புருஷன் பிழைத்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே வாயைத் திறந்தாள்.

"அக்கா இல்லீங்க. எங்க வூட்டுக்காரரு. அச்சு எடுக்கப் போயி வந்துடுச்சி. வேணும்னு பண்ணல."

கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. நல்லமுத்து இரண்டு அடி எடுத்து வைத்தார். செல்வநாயகி குறுக்கே வந்து நின்றாள்.

"அவகிட்ட வர்றதுக்கு முந்தி மேல பாரு நல்லமுத்து."

"இன்னாத்த பாக்கச் சொல்ற?"

"மூஞ்சிய பாரு. நல்லா பாரு. எம்புள்ள பாக்காமப் போனான், பாக்காமப் போனான்னு ஊரே சொன்னீங்களே. நான்தான் அன்னிக்கி கதவத் தெறந்துவுட்டேன். இந்த எடத்துல நின்னு பாத்துட்டுதான் போனான். இவருக்கே ஆத்துக்கு அந்தக் கர தெரியல. இவரு அவன எங்கேருந்து காப்பாத்துறது."

நல்லமுத்து பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. மேலே அந்த மனிதர் வாய் திறந்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். லாரி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராகத் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். போனைத் தூக்கினவன் எப்போது இறக்கினான் என்று தெரியவில்லை. ஆனால் முன்னால் இருந்த இரண்டு மூன்று பேர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

நல்லமுத்து சாவியை வாங்கவில்லை. சிந்தாமணியைத் திரும்பிப் பார்த்து, "ஒன் வூட்டுக்காரன் எங்க?" என்றார்.

"வூட்டுல இருக்காருங்க."

"வரச் சொல்லு."

அந்தக் குரலில் என்ன இருந்தது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கீழத்தெருவைத் தாண்டி, புளியமரத்து முனையைத் தாண்டி நடந்தாள். பயம் கொஞ்சமும் குறையவில்லை. பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்றான் உள்ளேயிருந்து.

"நான்தாங்க. தொறங்க. கோயிலுக்கு வரச் சொல்றாங்க."

"தெரிஞ்சிபோச்சா?"

"நான்தான் சொல்லிட்டேன்."

தாழ்ப்பாள் பாதி நகர்ந்து நின்றது.

"எதுக்கு வரச் சொல்றாங்க?"

"தெரியலங்க," என்றாள் சிந்தாமணி. "நானும் கூட வரேன், வாங்க."